காது போனால் திரும்பி வராது: மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம் குழுக் கூட்டங்களில் வீட்டுக் கதை வெளியே வரும். ஏம்பலம் பக்கத்து ஊர்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "கம்பெனிக்குப் போற எம்பொண்ணு எத்தினி வாட்டி கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா, திமிரு வந்துடுச்சி." "எங்க வீட்டுக்காரரு டிவிய அலற வுட்டுத்தான் பாக்கறாரு." "மருமவகிட்ட ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு செய்யறா."

இதெல்லாம் திமிரும் இல்லை, அலட்சியமும் இல்லை. பல வருடம் இயந்திரச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மெல்ல மெல்லக் குறைந்துபோயிருக்கலாம். வலி இருக்காது, ரத்தம் வராது, சீழ் வராது. அதனால் யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. சத்தத்தால் போன காதை மருந்தாலோ ஆபரேஷனாலோ திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் போகாமல் தடுக்க முடியும். பாதி போயிருந்தாலும் மீதியைக் காப்பாற்ற முடியும். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

சத்தம் காதை என்ன செய்கிறது?

நாம் வெளியே பார்க்கிற காது, சத்தத்தைப் பிடித்து உள்ளே அனுப்பும் ஒரு புனல் மாதிரிதான். உள்ளே செவிப்பறை இருக்கிறது. அதற்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். அதற்கும் உள்ளே நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி. அந்த நத்தைக் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15 ஆயிரம் இருக்கின்றன. சத்தம் வரும்போது இவை அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

வயல் வரப்பில் இருக்கும் புல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் நாலு பேர் நடந்தால் புல் சாயும், மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் நூறு பேர் நடந்தால் அது ஒற்றையடிப் பாதை ஆகிவிடும், பிறகு அங்கே புல் முளைக்காது. காதுக்குள்ளும் இப்படித்தான். ஒரு நாள் திருவிழாவில் வேட்டுச் சத்தமும் மேளமும் கேட்டுவிட்டு வந்தால் காது அடைத்த மாதிரி இருக்கும், காலையில் சரியாகிவிடும். தினமும் எட்டு மணி நேரம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். மனிதருக்குச் செத்த செல் மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது கீச்சென்ற மெல்லிய சத்தங்களைக் கேட்கும் பகுதி. அதனால் ஆரம்பத்தில் பேச்சு கேட்கும், ஆனால் தெளிவாக இருக்காது. 'சட்டி' என்றால் 'தட்டி' என்றும் 'பட்டி' என்றும் மாறிக் கேட்கும். ஆம்பளைக் குரல் கேட்கும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் புரியாது. தனியாக உட்கார்ந்து பேசினால் புரியும், கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியாது. "காது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது.

எவ்வளவு சத்தம் ஆபத்து?

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தால் காதுக்கு ஆபத்து தொடங்குகிறது என்பது உலக அளவில் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

இந்த டெசிபல் கணக்கு நம் சேமிப்புக் கணக்கு மாதிரி நேராக ஏறுவது இல்லை, கந்துவட்டி மாதிரி ஏறும். 3 டெசிபல் கூடினாலே சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு ஆகிவிடும். அதனால் இருக்கலாம் என்கிற நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். 88 என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 94 என்றால் ஒரே மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! நாடா ஓடும் பழைய தறிக் கூடங்களில் சத்தம் பெரும்பாலும் 95-லிருந்து 100-ஐத் தாண்டிப் போகும். நூற்பு மில்லின் ரிங் பிரேம் பகுதியிலும் பல இடங்களில் 85-க்கு மேல்தான். தகரம் அடிக்கும் பிரஸ், பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரம், கல் உடைக்கும் கிரஷர், மரம் அறுக்கும் ரம்பம் எல்லாம் இதே கணக்குத்தான்.

கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்கிற தோழியிடம் பேசிப் பாருங்கள். கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும் என்றால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செல்போனில் டெசிபல் காட்டும் ஆப்பும் இருக்கிறது, அது தோராயமாகத்தான் காட்டும்.

எட்டு மணி நேரம் என்பது ஏன் முக்கியம்?

மேலே சொன்ன கணக்கில் சத்தம் ஒரு பாதி, நேரம் இன்னொரு பாதி. எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்பதும் காதைத் தீர்மானிக்கிறது.

இந்த எட்டு மணி நேரம் நம் புதுச்சேரி மண்ணுக்குப் புதுசு இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சு அரசின் படை சுட்டு 12 பேர் உயிர் விட்டார்கள். வ. சுப்பையா போன்ற தலைவர்கள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். அடுத்த வருடம், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. சவானா மில் பிறகு சுதேசி மில் ஆனது. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லைத்தான் நாம் ஏ.எஃப்.டி. என்று சொல்கிறோம், அது 2020-ல் மூடப்பட்டது. மில் மூடினாலும், அந்தத் தறிக் கூடங்களில் முப்பது வருடம் நின்ற காதுகள் இன்றும் நம் ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது நம் பிள்ளைகள் கம்பெனி வேனில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை, கிருமாம்பாக்கம் என்று போகிறார்கள். சில பெண்கள் கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பு மில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அங்கே 12 மணி நேர ஷிஃப்ட்டும், டபுள் ஷிஃப்ட்டும் நடக்கிறது. ஓ.டி. பணம் கையில் வருவது தெரிகிறது, காதில் என்ன போகிறது என்று தெரிவதில்லை. 85 டெசிபல் என்ற வரம்பு 8 மணி நேரத்துக்குத்தான். 12 மணி நேரம் நின்றால் அந்த வரம்பு சுமார் 83-க்கு இறங்கிவிடும். விடுதியும் மில்லுக்குள்ளேயே இருந்து, தூங்கும் இடத்திலும் இயந்திரச் சத்தம் கேட்டால் காதுக்கு ஓய்வே கிடைக்காது.

மற்ற நாட்டுப் பெண்கள் கதை

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. வங்காளத்தில் விளைந்த சணல், கப்பலில் ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ நகரத்துக்குப் போனது. அங்கே ஆலையில் அதை நெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பெண் நெசவாளர்களின் காதைச் சோதித்து 1965-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சத்தத்தால் வரும் கேள்விக் குறைவைப் பற்றி உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்ட ஆய்வுகளில் அது முக்கியமானது. மெல்லிய கீச்சு ஒலியைக் கேட்கும் சக்தி, வேலையில் சேர்ந்த முதல் 10, 15 வருடத்திலேயே வேகமாகப் போய்விடுகிறது என்று அதில் தெரிந்தது. அதாவது, வயசானதால் வந்தது என்று நாம் தள்ளிவிடுவது பல பேருக்கு இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறிச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காததால், பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசும் ஒரு வழக்கத்தையே உண்டாக்கினார்கள். அதற்கு 'மீ-மா' என்று பெயர். வேலை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே பேசுவார்களாம். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ஓர் ஊர்ப் பெண்களே உதட்டைப் பார்த்துப் பேச வேண்டி வந்தது என்றால், அங்கே எவ்வளவு சத்தம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் காதைச் சோதிக்க வேண்டும்.

1. வேலை முடிந்து வந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கிறதா?
2. ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கிறதா?
3. முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் புரிகிறதா?
4. போனை எப்போதும் ஒரே காதில்தான் வைக்க முடிகிறதா?
5. வீட்டில் உள்ளவர்கள் "ஏன் கத்துற?" என்று கேட்கிறார்களா?

இன்னொரு சோதனை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் டிவியில் பேச்சு தெளிவாகப் புரிகிற அளவுக்குச் சத்தத்தை வையுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் வந்ததும் அதே எண்ணில் அதே சேனலைக் கேளுங்கள். புரியவில்லை, கூட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் அன்றைய சத்தம் காதைப் பாதித்திருக்கிறது. இது காதின் முதல் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் கவனித்தால் காப்பாற்றலாம்.

பஞ்சு வைத்தால் போதுமா?

மில்லில் கீழே கிடக்கும் பஞ்சைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொள்வது பல பேருக்கு வழக்கம். அது சத்தத்தைக் கொஞ்சம்தான் குறைக்கும், காதைக் காப்பாற்றாது. அதில் உள்ள தூசியும் எண்ணெயும் காதில் புண் உண்டாக்கும். "பஞ்சு வச்சிருக்கேனே" என்ற தைரியம்தான் பெரிய ஆபத்து.

காதுக்கென்று செய்த இயர் பிளக் வேண்டும். அமுங்கும் நுரைப் பிளக் என்றால் போடும் விதம் இதுதான்:

1. கையை நன்றாகக் கழுவி, பிளக்கை விரலில் உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள்.
2. மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் காதின் பாதை நேராகும்.
3. பிளக்கை உள்ளே விட்டு, அது உப்பும் வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள்.
4. இரண்டு கையாலும் காதை மூடித் திறந்து பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

ஹெட்போன் மாதிரி காதை மூடும் இயர் மஃப்பும் இருக்கிறது. நாம் போடும் கம்மல், ஜிமிக்கி, தலையில் கட்டும் துணி, மூக்குக்கண்ணாடியின் காம்பு எல்லாம் இடையில் மாட்டினால் மஃப் சரியாக மூடாது, வலிக்கவும் செய்யும். அப்படிப்பட்டவர்கள் பிளக் கேட்டு வாங்கலாம். ஒருவர் பிளக்கை இன்னொருவர் போடக் கூடாது. காதில் சீழ் வந்தால் பிளக் போடாமல் டாக்டரைப் பாருங்கள். காதில் கொண்டை ஊசி விட்டுக் குடைவது, காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது இரண்டும் வேண்டாம்.

ஒரு முக்கியமான விஷயம். "புழுக்கமா இருக்கு, கொஞ்ச நேரம் கழட்டி வைக்கிறேன்" என்று சொல்பவர்கள் கவனியுங்கள். 30 டெசிபல் குறைக்கும் நல்ல பிளக்காகவே இருந்தாலும், சத்தத்தில் நிற்கும் நேரத்தில் பாதி நேரம் கழற்றி வைத்தால் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல்தான். பாதி நேரம் கூரையில்லாத வீட்டில் மழைக்கு ஒதுங்கின கதைதான்.

பிளக் மட்டும் போதுமா?

போதாது. பிளக் என்பது கடைசித் தடுப்பு. முதல் பொறுப்பு நிர்வாகத்துடையது. இயந்திரத்துக்கு நேரத்தில் எண்ணெய் போடுவது, ஆடும் போல்ட்டை முறுக்குவது, தேய்ந்த பற்சக்கரத்தை மாற்றுவது, அடியில் ரப்பர் போடுவது, அதிகச் சத்தம் போடும் இயந்திரத்தைத் தனி அறையில் அடைப்பது, பழைய தறியை மாற்றுவது என்று செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரே ஆளை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தாமல் மாற்றி மாற்றி வேலை கொடுக்கலாம். சாப்பிடும் இடமும் ஓய்வு எடுக்கும் இடமும் சத்தம் இல்லாத பக்கம் இருக்க வேண்டும். "பிளக் கொடுத்துட்டோம், அவங்கதான் போட மாட்டேங்கறாங்க" என்று சொல்லி யாரும் கை கழுவிவிட முடியாது.

கர்ப்பிணிப் பெண்கள் கவனத்துக்கு

அம்மா காதில் பிளக் போட்டால் அம்மாவின் காதுக்குத்தான் பாதுகாப்பு. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இல்லை. இயந்திரத்தின் கனத்த உறுமல் வயிற்றுக்குள்ளும் போகும். ஐந்தாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் காது வேலை செய்யத் தொடங்குகிறது. ஸ்வீடன் நாட்டில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கர்ப்பமாக இருக்கும்போது 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் முழு நேரமும் வேலை பார்த்த தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காது குறைபாடு கூடுதலாக இருந்தது. எனவே மாசமாக இருக்கும் பெண்ணைச் சத்தம் குறைந்த பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் கேட்பது சுலபம்.

காகிதம்தான் சாட்சி

சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு, 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. அந்தச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்தார்கள். மருத்துவக் கணக்கை விட இது 5 டெசிபல் தளர்வானது. அதனால் "சட்டப்படி சரியாத்தான் இருக்கு" என்று சொன்னாலும் 85-ஐத் தாண்டினால் நாம் பிளக் போட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடம் ஒரு முறை இலவச உடல் பரிசோதனையும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

சத்தத்தால் காது பாதித்தால் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. அது தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மூலமாகக் கேட்க வேண்டும், அதில் இல்லாதவர்களுக்கு முதலாளி பொறுப்பு. ஆனால் "வேலைக்கு வரும்போதே உனக்குக் காது அப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டால் நாம் எதைக் காட்டுவது? நாலு வருடம் மில்லில் இருந்து, கல்யாணத்துக்காக நின்றுவிடும் பெண்ணிடம் சம்பளச் சீட்டுகூட இருப்பதில்லை.

அதனால்தான் வேலையில் சேரும்போதே காதுப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்கு ஆடியோமெட்ரி என்று பெயர். காதில் ஹெட்போன் மாட்டி மெல்லிய 'பீப்' சத்தம் கொடுப்பார்கள், கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வலி கிடையாது, ஊசி கிடையாது. முடிவை ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுப்பார்கள், அதுதான் ஆடியோகிராம். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் சத்தத்தில் இருக்கக் கூடாது. ஆகவே வார விடுமுறைக்கு அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போகும் முன் செய்வது நல்லது. கம்பெனியில் செய்தால் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் கோரிமேடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மற்றவர்கள் ஜிப்மர் அல்லது அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது "சத்தமுள்ள இடத்தில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறேன்" என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அது சீட்டில் ஏறாது.

காது குறைந்தது தெரிந்தால் பயந்து ஒளிக்க வேண்டாம். சத்தத்தை விட்டு விலகினால் சத்தத்தால் வரும் சேதம் அதோடு நின்றுவிடும். காது மெஷின் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், பழைய தெளிவை முழுசாகத் தராது. இருந்தாலும் அது பேச்சுக்குப் பெரிய துணை. வீட்டில் உள்ளவர்கள் முகத்துக்கு நேராக நின்று, கத்தாமல், நிறுத்தி நிதானமாகப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம் குழுக்கள் என்ன செய்யலாம்?

1. அடுத்த கூட்டத்தில், எந்த எந்த வீட்டில் யார் யார் சத்தமுள்ள வேலைக்குப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். உறுப்பினர் மட்டும் இல்லை, மகள், மருமகள், கணவர், மகன் எல்லோரையும் சேருங்கள்.
2. ஒவ்வொருவருக்கும் ஒரு பை போடுங்கள். அதில் வேலை ஆணை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், ஆடியோகிராம் நகல் இருக்க வேண்டும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.
3. வெளியூர் மில்லுக்குப் பெண்ணை அனுப்பும் முன் சம்பளம் எவ்வளவு என்பதோடு, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், பிளக் தருவார்களா, காதுப் பரிசோதனை உண்டா என்றும் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்.
4. ஒரே கம்பெனிக்குப் போகிறவர்கள் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் "இஷ்டம்னா இரு" என்பார்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் பதில் வரும்.
5. மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். அந்த வாரத்தில் கூட்டமைப்பு மூலம் காதுப் பரிசோதனை முகாம் கேட்டு இப்போதே தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

கடன் வாங்கினால் கட்டி முடிக்கலாம், நகை அடகில் இருந்தால் மீட்கலாம். காது அடகு போனால் மீட்க முடியாது. பட்டியல் எடுத்த குழுக்கள் அதன் நகலை அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மருத்துவமனையில் நாள் வாங்குவதற்கும், கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதற்கும் நாங்கள் கூட வருகிறோம்.